லோடு ஏறினால் வானம் பார்க்கும் ஹெட்லைட்: பிக்கப்பில் செனான் மாட்டிய அனுபவம்

கத்தரிக்காய் மூட்டை ஏற்றுகிற வண்டிக்கு ராத்திரியில்தான் வேலை. அணைக்கட்டுப் பக்கம் சாயங்காலம் பறித்துக் கட்டிய மூட்டைகள், விடிவதற்குள் வேலூர் நேதாஜி மார்க்கெட்டில் இறங்கியாக வேண்டும். இலவம்பாடி முள்ளுக் கத்தரிக்கு 2023-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. காய்க்குப் பேர் வந்துவிட்டது. அது போகிற கிராமத்து ரோட்டுக்கு இன்னும் விளக்கு வரவில்லை. பெயின்ட் அடிக்காத வேகத்தடை, பின்னால் ஒரு சிவப்பு விளக்குகூட இல்லாமல் ஊர்கிற கரும்பு டிராக்டர், மார்கழியில் ஏரிக்கரை ஓரம் இறங்கி நிற்கும் பனி என்று எல்லாவற்றையும் தாண்டித்தான் மூட்டை போகும்.

வண்டி அக்கா வீட்டுக்காரருடையது. ஓட்டுவது மாமா, நோண்டுவது நான். பத்து வருஷத்துக்கு மேல் ஓடிய பிக்கப். ஹெட்லைட்டில் H4 பல்பு, டிம்முக்கு 55 வாட், பிரைட்டுக்கு 60 வாட். டிம்மில் போனால் முன்னால் மஞ்சளாக ஒரு பாய் அளவுக்கு வெளிச்சம் விழும், அவ்வளவுதான். மாமாவின் கோரிக்கை எளிமையானது: “அந்த வெள்ளை லைட்டு போட்டுடு மாப்ள. நம்ம வண்டி வருதுன்னா ஊருக்கே தெரியணும்.”

அவர் சொன்னது கடைகளில் டப்பாவாகக் கிடைக்கும் செனான் செட்டை. இரண்டு பல்பு, இரண்டு பேலாஸ்ட் (பல்பை மூட்டி எரிய வைக்கும் மின்பெட்டி), கொஞ்சம் ஒயர். பழைய பல்பைக் கழற்றிவிட்டு அதே ஓட்டையில் இதைச் சொருகினால் வேலை முடிந்தது என்பார்கள். நான் அதை வாங்கவில்லை. H4 பல்பைக் கையில் எடுத்துப் பார்த்தால் காரணம் தெரிந்துவிடும். உள்ளே இரண்டு இழை இருக்கும். டிம் இழைக்குக் கீழே மட்டும் சின்னதாக ஒரு தகரக் கிண்ணம் இருக்கும். ரிஃப்ளெக்டரின் கீழ்ப்பாதிக்கு வெளிச்சம் போகாமல் மறைப்பது அதன் வேலை. கீழ்ப்பாதியில் பட்டால் வெளிச்சம் மேலே எகிறி எதிரே வருகிறவன் கண்ணில் விழும். செனான் பல்பில் இழையே கிடையாது. குவார்ட்ஸ் குமிழுக்குள் இரண்டு முனைகளுக்கு நடுவே எரியும் வில்தான் வெளிச்சம். அந்த வில்லின் நீளமும் இருப்பிடமும் இழையோடு அப்படியே பொருந்துவதில்லை. அந்த ரிஃப்ளெக்டர் ஒரு குறிப்பிட்ட இடத்தில் எரியும் இழைக்காகவே வளைக்கப்பட்டது. வேறொன்றை நுழைத்தால் வெளிச்சம் நாலா பக்கமும் சிதறும். ஓட்டுகிறவனுக்குப் பக்கத்து மரமும் போர்டும் பளிச்சென்று தெரிவதால் ‘ஆஹா’ என்றிருக்கும். தூரத்து ரோடு மட்டும் முன்பிருந்தபடியே இருக்கும்.

காட்பாடியில் எங்களுக்குப் பழக்கமான ஆட்டோ எலக்ட்ரீஷியன் பாய் இதை ஒரே வரியில் முடித்தார். “அந்த செட்டு மாட்றதுன்னா வேற கடைக்குப் போ தம்பி. எதிர்ல வர்றவன் இன்னா பாவம் பண்ணான்?”

செனானைப் பிறகு பார்க்கலாம், முதலில் இருக்கிற விளக்கு ஏன் அழுகிறது என்று பார் என்றார். மல்டிமீட்டரை எடுத்தோம். இன்ஜின் ஓடும்போது பேட்டரியில் 13.9 வோல்ட். டிம் போட்டு, ஹோல்டரின் பின்பக்கம் முள்ளை வைத்து அளந்தால் 11.8. நடுவில் 2.1 வோல்ட் காணாமல் போயிருந்தது. பேட்டரி பிளஸ்ஸிலிருந்து பல்பு வரை 1.4, பல்பு எர்த்திலிருந்து பேட்டரி மைனஸ் வரை 0.7. டிம் இரண்டும் சேர்ந்து இழுக்கும் ஒன்பது ஆம்பியர், ஸ்டியரிங் பக்கத்து ஸ்விட்ச் வழியாக ஒரு நோஞ்சான் ஒயரில் போய் வந்துகொண்டிருந்தது. எர்த் ஒயர் பிடித்திருந்த போல்ட்டில் துரு.

இரண்டு வோல்ட்தானே என்று தோன்றும். ஆனால் இழை பல்பின் வெளிச்சம் வோல்டேஜுக்கு நேர் விகிதத்தில் குறையாது. ஏறக்குறைய வோல்டேஜின் 3.4-ஆம் அடுக்குக்கு (power) ஏற்பக் குறையும். கணக்குப் போட்டுப் பார்த்தால், 13.9-ல் கிடைக்கிற வெளிச்சத்தில் 57 சதவீதம்தான் 11.8-ல் கிடைக்கும். கிட்டத்தட்ட பாதி ஒயரிலேயே கரைந்துவிட்டது. வெளிச்சம் குறைந்துவிட்டது என்று பல்பை மாற்றிக்கொண்டே இருப்பவர்கள் ஒருமுறை இந்த அளவை எடுத்துப் பார்க்க வேண்டும்.

சரி, ரிலே. சின்ன மின்சாரத்தால் பெரிய மின்சாரத்தைத் திறந்து மூடும் ஸ்விட்ச் அது. நாலு கால் ரிலே இரண்டு, டிம்முக்கு ஒன்று, பிரைட்டுக்கு ஒன்று. 30-ம் காலுக்கு பேட்டரியிலிருந்து ஃப்யூஸ் வழியாக 2.5 சதுர மில்லிமீட்டர் ஒயர்; 87-லிருந்து பல்புக்கு. 85, 86 இரண்டும் காயில், அதாவது ரிலேயை இயக்கும் காந்தச் சுருள். பழைய ஹெட்லைட் பிளக்கிலிருந்து வரும் மின்சாரம் இனி காயிலைத் தூண்டும் வேலையை மட்டும் பார்க்கும். சுமையை ரிலே எடுத்துக்கொள்ளும். எர்த்துக்கும் அதே தடிமனில் ஒயர், நேராக பேட்டரி மைனஸுக்கு. ஒயரை முறுக்கி டேப் ஒட்டுவது பாய்க்கு ஆகாது. லக் வைத்து அழுத்தி, மேலே ஸ்லீவ் போட்டுச் சுருக்கி, எல்லாவற்றையும் சுருள் குழாய்க்குள் விட்டார். ரிலேயைக் கால்கள் கீழே பார்க்கிற மாதிரி மாட்டினால்தான் மழைத் தண்ணீர் உள்ளே நிற்காது. கம்பெனி ஒயரில் ஒன்றைக்கூட வெட்டவில்லை. பழைய பிளக்கைத் திரும்பச் சொருகினால் வண்டி பழையபடியே ஆகிவிடும்.

பல்பில் இப்போது 13.5 வோல்ட். அதே பல்பு ஒன்றரை மடங்கு எரிகிறது. வோல்டேஜ் ஏறினால் பல்பின் ஆயுள் குறையும் என்பதும் உண்மைதான். அதனால் ஒரு ஸ்பேர் பல்பு கேபினில் இருப்பது நல்லது.

அடுத்தது மூடி. வேலூர் வெயிலில் பாலிகார்பனேட் மூடி எத்தனை நாள் தாங்கும்? மேலே பூசியிருந்த பாதுகாப்புப் பூச்சு உரிந்து மஞ்சளடித்து, டீக்கடைக் கண்ணாடி டம்ளர் மாதிரி மங்கியிருந்தது. 800, 1500, 2000 என்று வாட்டர் பேப்பரைத் தண்ணீர் விட்டுத் தேய்த்து, காம்பவுண்டு போட்டு மெருகேற்றினேன். பலர் இதோடு நிறுத்திவிடுகிறார்கள். புற ஊதாவைத் தடுக்கும் கிளியர் கோட் மேலே அடிக்காவிட்டால் ஒரே கோடையில் மறுபடி மஞ்சளாகும். பற்பசை வைத்துத் தேய்க்கிற வீடியோக்களைப் பற்றி நான் ஒன்றும் சொல்லப் போவதில்லை.

இந்த இரண்டு வேலைக்கும் ஆன செலவு இரண்டாயிரத்துக்குள். யாராவது என்னிடம் யோசனை கேட்டால் இங்கேயே நிறுத்திக்கொள்ளச் சொல்வேன். பத்தில் எட்டு வண்டிக்கு இதுவே போதும். மாமாவுக்குப் போதவில்லை. வாரத்தில் சில ராத்திரிகள் கண்ணமங்கலம், போளூர் வழியாகத் திருவண்ணாமலைக்கும் லோடு போகும். பௌர்ணமி ராத்திரி என்றால் அந்த ரோட்டின் ஓரத்தில் கிரிவலத்துக்கு நடந்து போகிறவர்களும் இருப்பார்கள். கறுப்புச் சட்டை போட்ட ஆளை இருபதடி முன்னால் பார்த்து என்ன பயன் என்று அவர் கேட்டதில் நியாயம் இருந்தது.

அதனால் புரொஜெக்டர், அதாவது வெளிச்சத்தைச் சிதறவிடாமல் லென்ஸ் வழியே ரோட்டில் விழ வைக்கும் குடுவை. 2.5 அங்குல பை-செனான் புரொஜெக்டர், 35 வாட் பேலாஸ்ட், 4300 கெல்வின் பல்பு. கெல்வின் என்பது வெளிச்சத்தின் நிறத்தைச் சொல்லும் அளவு, லூமன் என்பது எவ்வளவு வெளிச்சம் என்பதற்கான அளவு. ஹாலஜன் H4 டிம்மில் சுமார் 1000 லூமன் தரும். வண்டிக் கம்பெனிகள் பொருத்தும் தரமான 35 வாட் செனான் பல்பு 3200 லூமன் வரை தரும். வாட் குறைவு, வெளிச்சம் மூன்று மடங்கு. பல்புக்குள் இருக்கும் செனான் வாயு, போட்டவுடன் எரியத் தொடங்குவதற்காக. சில நொடிகளில் சூடேறி உலோக உப்புகள் ஆவியான பிறகு வருவதுதான் முழு வெளிச்சம். வில்லை மூட்ட பேலாஸ்ட் இருபதாயிரம் வோல்ட்டுக்கு மேல் ஒரு துடிப்பைத் தள்ளும். பிறகு 85 வோல்ட் அளவில் ஓடும். விளக்கு எரியும்போது அந்த ஒயரில் கை வைக்கக் கூடாது, பேலாஸ்ட்டைத் திறந்து பார்க்கும் ஆர்வமும் வேண்டாம். பல்பின் குமிழை விரலால் தொடக் கூடாது. விரல் எண்ணெய் பட்ட இடம் அதிகம் சூடாகி, குவார்ட்ஸ் கெட்டுவிடும்.

4300 எதற்கு என்று மாமா கேட்டார். அவர் பார்த்த ‘வெள்ளை லைட்டு’ 6000, 8000 வகை, நீலம் ஓடும். கெல்வின் கூடினால் வெளிச்சம் கூடும் என்று கடைக்காரரே சொல்வார். நடப்பது தலைகீழ். 4300-ஐத் தாண்ட தாண்ட லூமன் குறையும், நீலம் கூடும், மழை பெய்த தார் ரோட்டில் ஒன்றுமே தெரியாது.

புரொஜெக்டர் வாங்கும்போது பெட்டியில் எழுதியிருப்பதை நம்பாமல் சரிபார்க்க வேண்டியது ஒன்று உண்டு. டிம் வெளிச்சத்தின் மேல் விளிம்பு கத்தியால் வெட்டியது போல ஒரு கோடாக விழும். அந்தக் கோடு ஒரு பக்கத்தில் படி ஏறும். ஓரத்தில் நடக்கிற ஆளும் பலகையும் தெரிவதற்காக அந்த ஏற்றம். நாம் இடது ஓரம் ஓட்டுகிறவர்கள், ஆகவே படி இடது பக்கம் ஏற வேண்டும். வலது ஓரம் ஓட்டும் நாடுகளுக்குச் செய்த புரொஜெக்டரில் அது வலது பக்கம் ஏறும். அதை இங்கே மாட்டினால் படி நேராக எதிர் வண்டிக்காரன் முகத்தில் போய் நிற்கும். கடையிலேயே பேட்டரி கொடுத்து சுவரில் அடித்துப் பார்த்துத்தான் வாங்கினோம். முதலில் எடுத்துக் காட்டிய ஜோடி வலது படி. “எல்லாம் ஒண்ணுதான் சார்” என்றார் விற்பவர்.

மாட்டுவதற்கு ஹெட்லைட்டைப் பிரித்தாக வேண்டும். இதற்காகப் பழைய சாமான் கடையிலிருந்து இன்னொரு ஜோடி ஹெட்லைட் வாங்கிக்கொண்டேன். வண்டியோடு வந்த ஜோடியைப் பிரிக்கவில்லை. மூடியும் உடலும் சேரும் பள்ளத்தில் கறுப்பாக பியூட்டைல் பசை இருக்கும். ஹீட் கன்னை ஒரே இடத்தில் காட்டாமல் சுற்றிச் சுற்றிக் காட்டினால் பசை இளகும். தட்டை ஸ்க்ரூடிரைவரால் கொஞ்சம் கொஞ்சமாக நெம்ப வேண்டும். இங்கே அவசரப்பட்டால் கொக்கிகள் உடையும். ரிஃப்ளெக்டரைத் துணியால் துடைக்கவே கூடாது, பளபளப்புப் பூச்சு கையோடு வந்துவிடும்.

புரொஜெக்டரின் தண்டு H4 ஓட்டை வழியே பின்பக்கம் வரும். அங்கே நட் போட்டு இறுக்க வேண்டும். முழுக்க இறுக்குவதற்கு முன் சுவரில் அடித்து, கோடு கிடையாக நிற்கும்படி புரொஜெக்டரைத் திருப்பிக்கொள்ள வேண்டும். மூடியை ஒட்டிய பிறகு கோடு சாய்ந்திருப்பது தெரிந்தால் மறுபடி முதலிலிருந்து ஹீட் கன்தான். ஒட்டுவதற்குப் புது பியூட்டைல் டேப். பின்னால் இருக்கும் காற்றுத் துளைகளை சிலிக்கான் வைத்து அடைக்கக் கூடாது. தண்ணீர் வராமல் தடுப்பதாக நினைத்து அடைப்பவர்களின் விளக்குகளில்தான் ஆவி படிந்து நிற்கிறது.

ஒயரிங்கில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. H4-ல் பிரைட் போட்டால் டிம் இழை அணைந்துவிடும். பை-செனானில் அப்படி அணையக் கூடாது. பல்பு ஒன்றே, உள்ளே இருக்கும் சின்னத் தகட்டை ஒரு காந்தச் சுருள் இழுத்து விலக்கினால் பிரைட், விட்டால் டிம். ஆகவே டிம், பிரைட் எதில் வைத்தாலும் பேலாஸ்ட்டுக்கு மின்சாரம் போய்க்கொண்டே இருக்க வேண்டும். பிரைட்டில் தகட்டுக்கும் சேர்த்துப் போக வேண்டும். டிம் ரிலேயின் காயிலுக்கு டிம்மிலிருந்து ஒரு டயோடு, பிரைட்டிலிருந்து ஒரு டயோடு (மின்சாரத்தை ஒரே திசையில் மட்டும் விடும் பாகம்) என்று கொடுத்து பாய் அதை முடித்தார். ஒவ்வொரு முறை பிரைட் அடிக்கும்போதும் பல்பு அணைந்து மூண்டால் அதன் ஆயுள் சீக்கிரம் போய்விடும். ஃப்யூஸும் பக்கத்துக்கு ஒன்றாகப் பிரித்துவிட்டார், 15 ஆம்பியர். ஒரே ஃப்யூஸ் போட்டு அது போனால் ராத்திரி ரோட்டில் இரண்டு கண்ணும் ஒன்றாகப் போகும்.

இதுவரை செய்தது யார் செய்தாலும் வரும். பிக்கப்புக்கு மட்டும் உரிய தொல்லை ஒன்று மிச்சம் இருந்தது.

விளக்கின் உயரத்தைச் சரிசெய்ய எங்கள் ஊர் ரைஸ் மில்லின் நெல் காயவைக்கும் களத்துக்குப் போனோம். சிமென்ட் தரை, எதிரே நீளமான சுவர். களம் பார்ப்பதற்குத்தான் சமம். மழைத் தண்ணீர் ஓட ஒரு பக்கம் வாட்டம் வைத்துத்தான் போட்டிருப்பார்கள். கொத்தனார் வைத்திருக்கும் தண்ணீர்க் குழாயால் மட்டம் பார்த்து, விளக்கின் நடுமையத்தின் உயரத்தைச் சுவரில் குறித்துக்கொண்டோம். சக்கரம் நிற்கும் இடத்திலிருந்து அளக்காமல் இப்படிச் செய்தால் தரையின் வாட்டம் கணக்கைக் கெடுக்காது. விளக்கின் உயரம் 90 சென்டிமீட்டர். பத்து மீட்டர் தள்ளி நிறுத்தினால் கோடு அந்தக் குறிக்குப் பத்து சென்டிமீட்டர் கீழே விழ வேண்டும், அதாவது நூற்றுக்கு ஒன்று சரிவு. அந்தச் சரிவில் வெளிச்சம் 90 மீட்டர் தூரத்தில் தரையைத் தொடும்.

காலி வண்டியில் வைத்தோம், அழகாக நின்றது. அப்புறம் மில்காரரிடம் கேட்டு அவருடைய நெல் மூட்டைகளையே ஏற்றி, மறுபடி விளக்கைப் போட்டோம். கோடு குறியைத் தாண்டி மேலே ஏறி நின்றது. டேப் வைத்து அளந்தால், பின்பக்கம் 8 சென்டிமீட்டர் அமுங்கியிருக்கிறது, முன்பக்கம் ஒன்றுதான். வித்தியாசம் 7. முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் இடையே சுமார் 3 மீட்டர். 300-க்கு 7 என்றால் நூற்றுக்கு 2.3. கீழே 1 சரிந்திருந்த வெளிச்சம் லோடு ஏறியதும் மேல்நோக்கி 1.3 ஆகிவிட்டது. ஐம்பது மீட்டரில் அந்தக் கோடு தரையிலிருந்து ஒன்றரை மீட்டருக்கு மேல் இருக்கும். எதிரே வரும் கார்க்காரர், பைக்காரர் எல்லோருடைய கண்ணும் அதற்குள்ளேதான்.

சென்னை–பெங்களூரு சாலையில் நடுவில் அரளிச் செடி வரிசை இருக்கும், ஓரளவு மறைக்கும். திருவண்ணாமலை ரோட்டில் நடுவில் ஒரு வெள்ளைக் கோடு மட்டும்தான். எவ்வளவு நல்ல புரொஜெக்டர் போட்டாலும் லோடு ஏறிய பிக்கப்பின் டிம் எதிராளிக்கு பிரைட்தான். சாதா ஹாலஜனில் இது அவ்வளவாகத் தெரிவதில்லை, வெளிச்சமே கம்மி. மூன்று மடங்கு வெளிச்சத்தில் அதே சாய்வு ஆபத்து. ஐரோப்பிய விதிகளில் 2000 லூமனுக்கு மேல் போகும் டிம் விளக்குகளுக்கு, லோடுக்குத் தகுந்தபடி தானே உயரம் மாற்றிக்கொள்ளும் அமைப்பும் மூடியைக் கழுவும் அமைப்பும் கட்டாயம் என்று வைத்திருப்பதன் அர்த்தம் எனக்கு அந்தக் களத்தில்தான் புரிந்தது.

கார்களில் டாஷ்போர்டில் 0, 1, 2, 3 என்று ஒரு திருகி இருக்குமே, அதைக்கொண்டு விளக்கை இறக்கலாம். எங்கள் பிக்கப்பில் அது இல்லை. வேறு வண்டியின் மோட்டாரை வாங்கி உள்ளே பொருத்துவது பற்றி பாயும் நானும் நிறையப் பேசினோம். கடைசியில் வண்டி எப்போது எப்படி ஓடுகிறது என்று யோசித்தபோது வேறு வழி கிடைத்தது. எங்கள் வண்டி ராத்திரி போகும்போதெல்லாம் லோடோடுதான் போகிறது. காலியாகத் திரும்பும்போது பொழுது விடிந்துவிடும். அப்படியானால் முழு லோடில் நூற்றுக்கு ஒன்று சரிவு வரும்படி வைத்தால் போதும். பாதி லோடு என்றால் வெளிச்சம் இன்னும் கீழே இறங்கும்; தூரம் குறையுமே தவிர யார் கண்ணையும் கூசாது. காலி வண்டியில் நூற்றுக்கு 3.3 சரியும், 27 மீட்டரோடு முடிந்துவிடும். காலியாக ராத்திரி போக வேண்டிய அபூர்வ நாளுக்காக, சரிசெய்யும் திருகாணியில் ஒரு சிவப்புப் புள்ளியும் ஒரு வெள்ளைப் புள்ளியும் வைத்திருக்கிறேன். சிவப்பு லோடுக்கு, வெள்ளை காலிக்கு. பானட்டைத் திறந்து ஸ்க்ரூடிரைவரால் திருப்ப இரண்டு நிமிஷம்.

மூட்டைகளை இறக்காமலே சிவப்புக்கு வைத்துப் பார்த்துவிட்டு, மாமாவை ஐம்பது மீட்டர் தள்ளி அவர் பைக்கில் உட்கார வைத்தேன். விளக்கைப் போட்டதும், “எரியுதா இல்லியா மாப்ள?” என்று கத்தினார். அவர் கண் கோட்டுக்கு மேலே, இருட்டில் இருந்தது. பைக்கின் சக்கரம் மட்டும் பளீரென்று தெரிந்தது.

சட்டத்தையும் சொல்லிவிட வேண்டும். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு, கம்பெனி கொடுத்த அமைப்பை அனுமதியில்லாமல் மாற்றக் கூடாது என்கிறது. 2019 திருத்தத்துக்குப் பிறகு ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும் என்று இருக்கிறது. கண் கூசாமல் வைத்திருப்பதால் இந்த மாற்றம் சட்டப்படி சரியாகிவிடாது. ரிலே போடுவதையும் மூடி தேய்ப்பதையும் யாருக்கும் தைரியமாகச் சொல்வேன். புரொஜெக்டர் வேண்டுமா என்பதை அவரவர் இதைத் தெரிந்துகொண்டு முடிவு செய்யட்டும். பழைய ஹெட்லைட் ஜோடியைத் துணி சுற்றிப் பரணில் வைத்திருக்கிறேன்; எஃப்.சி. (தகுதிச் சான்று) வரும்போது அதுதான் வண்டியில் ஏறும்.

இப்போதைக்கு ஒரே குறை பனி. அடர்ந்த பனியில் செனான் வெள்ளைச் சுவர் எழுப்பிவிடுகிறது, பிரைட் போட்டால் இன்னும் மோசம். அதற்கு பம்பருக்குக் கீழே, தரையை ஒட்டினாற்போல் ஒரு ஜோடி ஃபாக் லைட் வேண்டும். ஒயர் இழுத்து வைத்தாயிற்று, மார்கழிக்கு முன் மாட்டச் சொல்லி மாமா நச்சரிக்கிறார். 15 ஆம்பியர் ஃப்யூஸ் நாலு, ஒரு ரிலே, ஒரு ஸ்க்ரூடிரைவர் எல்லாம் கேபினில் ஒரு டிபன் டப்பாவுக்குள் கிடக்கிறது.